நீர் வடிந்த வீடு உலர்ந்த வீடு ஆகாது
வெள்ளத்திற்குப் பின் நோயாளர் வாழும் இல்லத்தைச் சீர்செய்வது குறித்து ஒரு பாடம்

மருத்துவமனையிலிருந்து ஒருவரை வீட்டிற்கு அனுப்பும்போது, அவர் உட்கொள்ள வேண்டிய மருந்துகளையும், உணவு முறையையும், மறுபடி வர வேண்டிய நாளையும் எழுதித் தருகிறோம். அவர் திரும்பிச் செல்லும் வீடு எந்நிலையில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் அந்தக் கேள்வியும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயலின் மழை வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் சூழ்ந்தது. அதே மாதம் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இந்நிகழ்வுகள் அனைத்திலும் தெருவில் நின்ற நீர் சில நாட்களில் வடிந்துவிட்டது. சுவர்களுக்குள் புகுந்த நீர் அவ்வாறு வடியவில்லை. தரையைக் கழுவித் துடைத்து, பொங்கலுக்குள் வண்ணமும் பூசி முடித்த வீடுகள் பலவற்றில், தை மாதத்திலேயே புது வண்ணத்தின் மீது கரும்புள்ளிகள் தோன்றின.

இப்பாடத்தின் சாரம் இரண்டு விதிகளில் அடங்கும். வீட்டைச் சீர்செய்யும் பணிகளில் வண்ணம் பூசுவது கடைசிப் பணியாக இருத்தல் வேண்டும். வீட்டிற்குள் நுழைவோரில் நோயாளி கடைசி ஆளாக இருத்தல் வேண்டும். எஞ்சியவை யாவும் இவ்விரு விதிகளின் விளக்கமே.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தரைத்தளத்தில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. உள்ளே இரண்டு அடி உயரத்திற்கு நீர் புகுந்து இரண்டு நாட்கள் நின்றது. குடும்பத் தலைவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அவர் மருத்துவமனையில் இருக்கிறார். மகனும் மருமகளும் வீட்டைச் சீர்செய்ய வேண்டும். அவர்கள் எதை முதலில் செய்வது, எதை எப்போது செய்வது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

யாருக்கு மிகுந்த எச்சரிக்கை தேவை?

உடல்நலமுள்ள ஒருவர் பூஞ்சணம் படிந்த அறையில் இருந்தால் தும்மல், மூக்கொழுகல், கண் எரிச்சல் ஆகியவற்றோடு தப்பிவிடக்கூடும். கீழ்க்கண்டோருக்கு அதே அறை மறுபடியும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையை உண்டாக்கலாம்.

1. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோர்.
2. புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர். சிறுநீரகம் முதலிய உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர்.
3. ஸ்டீராய்டு மருந்துகளை நீண்ட நாள் உட்கொள்வோர்.
4. கட்டுக்குள் வராத நீரிழிவு உடையோர்.
5. காசநோய் குணமானபின் நுரையீரலில் குழிவு எஞ்சியிருப்போர். அக்குழிவுகளுள் 'ஆஸ்பெர்ஜில்லஸ்' என்னும் பூஞ்சை தங்கி வளர்வது உண்டு. இருமலில் இரத்தம் வருவது அதன் அறிகுறிகளுள் ஒன்று.
6. கைக்குழந்தைகளும் முதியோரும்.

இவர்களுள் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருந்தால், வீடு கழுவும்போதும் பூஞ்சணத்தைத் தேய்த்து அகற்றும்போதும் அவர் அங்கே இருத்தல் கூடாது. உறவினர் இல்லத்திலோ, மேல்மாடியிலோ அவரைத் தங்கவைப்பதற்கான ஏற்பாட்டை மருத்துவமனையிலிருந்து அழைத்து வருவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள். வீடு இன்னும் உலரவில்லை என்றால் அதனை மருத்துவரிடம் தயங்காமல் தெரிவியுங்கள்.

முதற்படி: மின்சாரமும் எரிவாயுவும்

வீட்டிற்குள் முதலடி வைக்கும் முன் கவனிக்க வேண்டியது மின்சாரம். தரையில் நீர் நிற்கும்போது மின்பொத்தான்களையோ மீட்டர் பெட்டியையோ தொடக்கூடாது. உலர்ந்த இடத்தில் நின்றபடி முதன்மை இணைப்பைத் துண்டிக்க முடிந்தால் மட்டும் துண்டியுங்கள். இயலாவிடில் மின்வாரியத்தாரை அழையுங்கள். தெருவிற்கு மின்சாரம் திரும்பிவிட்டது என்பதனால் உங்கள் வீட்டின் கம்பிகள் உலர்ந்துவிட்டன என்று பொருளாகாது. சுவருக்குள் புதைந்த குழாய்களிலும், தாழ்வாக அமைந்த பிளக் பெட்டிகளிலும் நீர் பல நாட்கள் தங்கியிருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்த பின்னரே இணைப்பைக் கொடுக்க வேண்டும். நனைந்த குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், நெபுலைசர், ஆக்சிஜன் செறிவூட்டி ஆகியவை வெளியில் உலர்ந்து காணப்பட்டாலும், பழுதுபார்ப்பவர் சோதிக்காமல் அவற்றை இயக்கக்கூடாது.

அடுத்தது சமையல் எரிவாயு. இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழும்பிக் கலைந்து போகாமல் தரையோரமாகவும் தாழ்வான மூலைகளிலும் தேங்கும். வெள்ளத்தில் உருளை மிதந்து புரண்டிருந்தால் இரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் பழுதடைந்திருக்கலாம். வாடை தெரிந்தால் விளக்கைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. இரண்டிலும் தீப்பொறி எழலாம். உருளையின் வால்வை மூடி, கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவைத்து வெளியேறுங்கள். வெளியில் வந்தபின் 1906 என்னும் எரிவாயு அவசர எண்ணை அழையுங்கள்.

புகுந்த நீரில் எண்ணெய்ப் படலம் காணப்பட்டால் எச்சரிக்கை இருமடங்காக வேண்டும். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பகுதியில் வெள்ளநீரோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்து சுவர்களில் கறையாகப் படிந்தது. அத்தகைய இடத்தில் மெழுகுவத்தி, அகல்விளக்கு, ஊதுவத்தி எதனையும் ஏற்றலாகாது.

இரண்டாம் படி: சேறும் நீர்த்தொட்டியும்

வெள்ளநீர் மழைநீர் அன்று. சாக்கடையும் கழிவுத்தொட்டியும் எலிகளின் சிறுநீரும் கலந்த நீர் அது. முழங்கால் வரையிலான இரப்பர் காலணியும் கையுறையும் அணியாமல் சேற்றில் இறங்காதீர்கள். காலில் புண் உடையோரும் நீரிழிவு உடையோரும் இப்பணியில் ஈடுபடவே கூடாது. மூலைகளிலும் காலணிகளுக்குள்ளும் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கக்கூடும். எதையும் கோலால் தட்டிப் பார்த்த பின்னர் எடுங்கள். வெள்ளநீரில் நடந்தவருக்கு அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண்சிவப்பு ஆகியவை தோன்றினால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ளநீரில் நடந்த செய்தியை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே வழித்து அகற்றுவது எளிது. காய்ந்தபின் அது தூசியாகப் பறந்து நுரையீரலை அடையும். முதலில் சேறு, பிறகு சோப்புநீர், அதன்பின் கிருமிநாசினி என்பதே வரிசை. அழுக்கின் மீது தெளித்த பிளீச்சிங் பவுடர் அழுக்கோடு வினைபுரிந்தே தன் ஆற்றலை இழந்துவிடும். கழுவிய தரைக்கு, 10 லிட்டர் நீரில் ஏறத்தாழ 50 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் துடைத்து, 10 நிமிடங்களுக்குப் பின் நல்ல நீரால் அலசுங்கள்.

இங்கு ஓர் உயிர்காக்கும் எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரோடு கழிவறை தூய்மை செய்யும் ஆசிட்டை ஒருபோதும் கலக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் அவ்வாயுவைச் சுவாசிப்பது நலமான நுரையீரலையே புண்ணாக்கும். நோயுற்ற நுரையீரல் அதைத் தாங்காது.

தரைக்கடியில் உள்ள நீர்த்தொட்டியில் வெள்ளநீர் கலந்திருந்தால் அந்நீரைக் குடிக்கவோ, பாத்திரம் கழுவவோ பயன்படுத்தலாகாது. தெருவில் நீர் வடியும் முன்னர்த் தொட்டியை முற்றிலும் இறைத்துவிடவும் கூடாது; சுற்றியுள்ள ஈரமண்ணின் அழுத்தத்தால் வெற்றுத்தொட்டியில் விரிசல் விழக்கூடும். நீர் வடிந்தபின் இறைத்து, உட்சுவர்களைத் தேய்த்துக் கழுவுங்கள். மூடிக்கிடந்த தொட்டிக்குள் எவரும் தனியே இறங்கக்கூடாது. உள்ளே பிராணவாயு குறைந்திருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் இறந்த துயரங்கள் நம் மாநிலத்தில் பலமுறை நிகழ்ந்துள்ளன. கழுவியபின் தொட்டியை நிரப்பி, ஒவ்வோர் 1,000 லிட்டருக்கும் 150 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, 24 மணி நேரம் விட்டு, அந்நீர் முழுவதையும் வெளியேற்றுங்கள். இது தொட்டியைத் தூய்மை செய்வதற்கான அளவு, குடிநீருக்கான அளவன்று. அதன்பின் பிடிக்கும் நீரையும் சில வாரங்களுக்குக் கொதிக்கவைத்தே அருந்துங்கள்.

மூன்றாம் படி: ஓதம் நீங்குதல்

சுவரில் ஊறிய ஈரத்தை நம் கொத்தனார்கள் ஓதம் என்பர். பாடத்தின் மையம் இதுவே.

செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் நுண்ணிய துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல இத்துளைகள் நீரை மேல்நோக்கி இழுக்கின்றன. ஆகவே இரண்டு அடி உயரம் நீர் நின்ற சுவரில் ஈரம் மூன்று அடிக்கும் மேல் ஏறியிருக்கலாம். வெள்ளத்தின் கறை எங்கே முடிகிறது என்று பார்த்து அதுவரை மட்டும் சீர்செய்தால் போதாது.

ஈரம் வெளியேறுவது மேற்பரப்பின் வழியாக மட்டுமே. எனவே அது மெல்லவே நிகழும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கட்டடத் துறையினர் கையாளும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இருபுறமும் உலர்ந்தாலும் சில மாதங்கள் ஆகும். காற்றிலேயே ஈரம் மிகுந்த மார்கழியைவிட, அதற்குப் பின்வரும் வறண்ட மாதங்களில் இது விரைவாக நடைபெறும். நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் டிசம்பரில் வெள்ளத்தைக் கண்டது என்றால், வண்ணம் பூசுவதைச் சித்திரைக்கோ வைகாசிக்கோ தள்ளிப்போடுவதே அறிவுடைமை.

உலர்த்தும் முறைகள் வருமாறு:

• பீரோ, அலமாரி, கட்டில் ஆகியவற்றைச் சுவரிலிருந்து அரை அடியேனும் நகர்த்தி வையுங்கள். சுவருக்கும் மரச்சாமானுக்கும் இடைப்பட்ட காற்றில்லாத இடுக்கிலேயே பூஞ்சணம் முதலில் முளைக்கும்.

• வெயில் அடிக்கும் வேளையில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவையுங்கள். மழை பெய்யும்போதும் பனி இறங்கும் இரவிலும் மூடிவிடுங்கள். இல்லையெனில் வெளியீரம் உள்ளே வரும்.

• மேசை விசிறியைச் சன்னலருகே வெளிநோக்கி வைத்தால் அறையின் ஈரக்காற்றை அது வெளியேற்றும். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும் அறையில், அதனை அகற்றும்வரை விசிறியை இயக்கக்கூடாது. நுண்விதைகளை வீடு முழுவதும் அது பரப்பிவிடும்.

• ஊதி உப்பிய வண்ணத்தையும் பட்டியையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். எண்ணெய் வண்ணமும் பட்டியும் சுவரின் துளைகளை அடைத்து, ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும். விரலால் தட்டும்போது உள்ளீடற்ற ஓசை எழும் பூச்சைக் கொத்தி எடுத்துவிட வேண்டும்.

• சுவர் உலரும்போது வெண்மையான உப்பு பூக்கும். அதனை நீரால் கழுவினால் உப்பு மீண்டும் கரைந்து உள்ளே போய்விடும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, உதிர்ந்ததை அள்ளி வெளியே கொட்டுங்கள்.

• அறையை விரைவில் உலர்த்தும் எண்ணத்துடன் கரியடுப்பை உள்ளே மூட்டாதீர்கள். ஜெனரேட்டரையும் வீட்டிற்குள்ளோ, தாழ்வாரத்திலோ இயக்காதீர்கள். இவற்றிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

சுவர் உலர்ந்துவிட்டதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டடிச் சதுரமுள்ள தெளிவான பாலித்தீன் தாளை, வெள்ளக்கறை இருந்த உயரத்தில் சுவரோடு ஒட்டி, நான்கு ஓரங்களையும் நாடாவால் அடைத்துவிடுங்கள். 24 மணி நேரம் சென்றபின் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் படிந்திருந்தாலோ, மூடிய இடம் சுற்றியுள்ள பகுதியைவிடக் கருத்திருந்தாலோ சுவர் இன்னும் நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் அறையிலும், சிறப்பாகக் கழிவறையை ஒட்டிய சுவரிலும் வெயில் படாத வடக்குச் சுவரிலும் இச்சோதனையைச் செய்யுங்கள்.

உலர்ந்தபின் முதற்பூச்சாகச் சுண்ணாம்பு அடிப்பது நம் முன்னோர் வழக்கம். அதில் பொருள் உண்டு. சுண்ணாம்பு எஞ்சிய ஈரத்தை வெளிவிடும். அதன் காரத்தன்மை பூஞ்சணம் வேரூன்றாமல் தடுக்கும்.

நான்காம் படி: பூஞ்சணம்

பூஞ்சையின் நுண்விதைகள் எப்போதும் எங்கும் காற்றில் உள்ளன. அவற்றை முற்றிலும் ஒழிக்க எவராலும் இயலாது. அவை முளைப்பதற்கு உணவும் ஈரமும் வேண்டும். மரம், காகிதம், துணி, தூசி, வண்ணப்பூச்சு என உணவு எல்லா வீடுகளிலும் உண்டு. ஆகவே நாம் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றே. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் தோன்றாது. உலக சுகாதார அமைப்பு 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலும், வீட்டில் ஓதத்தைத் தடுப்பதே தலையாய வழி என்று கூறுகிறது.

இங்கே பலர் கேட்கும் ஐயம் ஒன்றைத் தெளிவுபடுத்துவது கடமை. 2021-இல் கொரோனாத் தொற்றின்போது 'கருப்புப் பூஞ்சை' என்னும் சொல் மக்களைப் பெரிதும் அச்சுறுத்தியது. அந்நோயின் மருத்துவப் பெயர் மியூகோர்மைகோசிஸ். நோயுற்ற இடத்தில் திசுக்கள் இறந்து கருத்துப்போவதால் அப்பெயர் வழங்கலாயிற்று. அதனை உண்டாக்கும் பூஞ்சைகள் மண்ணிலும் மக்கும் பொருட்களிலும் வாழ்பவை. சுவரில் காணும் கரும்படலம் பெரும்பாலும் வேறு இனங்களைச் சேர்ந்தது. சுவரில் கருமை தெரிந்தவுடன் அந்நோய் வந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. அதே நேரத்தில், பச்சையாகவோ வெண்மையாகவோ இருக்கும் பூஞ்சணம் தீங்கற்றது என்று எண்ணுவதும் பிழை. நிறத்தைக் கொண்டு தீமையை அளக்க இயலாது. எந்நிறமாயினும் அகற்றவே வேண்டும்.

அகற்றும் முறை:

1. என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி ஆகியவற்றை அணியுங்கள். துணியாலான கவசம் நுண்விதைகளைத் தடுக்காது.
2. அறையின் உட்கதவை மூடி, வெளிச்சன்னலைத் திறந்துவையுங்கள்.
3. உலர்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் பெருக்கவோ, தட்டவோ கூடாது. முதலில் சோப்புநீரால் நனைத்து, பிறகு தேய்த்து எடுங்கள்.
4. ஓடு, கண்ணாடி, உலோகம், உறுதியான மரம் ஆகியவற்றைச் சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, அன்றே உலர்த்திவிட்டால் போதும். மருந்து தெளிப்பதைவிடத் தேய்த்து நீக்குவதே முதன்மையானது. இறந்த பூஞ்சையும் ஒவ்வாமையை உண்டாக்கவல்லது.
5. பயன்படுத்திய துணிகளைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். உடுத்திய ஆடையைத் தனியே வெந்நீரில் துவையுங்கள்.
6. பூஞ்சணம் படிந்த பரப்பு 10 சதுர அடிக்கு மேற்பட்டிருந்தால், தகுந்த கருவிகளும் பயிற்சியும் உடைய பணியாளரை அமர்த்துவது நலம்.

சாம்பிராணிப் புகை பூஞ்சணத்தைப் போக்கும் என்று சிலர் நம்புகின்றனர். புகை ஈரத்தை நீக்குவதில்லை. பூஞ்சையை வேரறுப்பதும் இல்லை. வாடையை மறைக்கிறது, அவ்வளவே. ஆஸ்துமா உடையோருக்கு அப்புகையே மூச்சுத்திணறலைத் தூண்டும்.

எதைக் காப்பது, எதைக் கழிப்பது?

வாழ்நாள் முழுதும் சேர்த்த பொருட்களைத் தூக்கி எறிவது எளிதன்று. எனினும் நோயாளி வாழும் வீட்டில் சில பொருட்களைக் கழித்தே ஆக வேண்டும்.

வெள்ளநீரில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, நுரைமெத்தை, கோரைப்பாய், மரத்தூள் பலகையால் ஆன அலமாரி ஆகியவற்றை உள்வரை தூய்மை செய்ய இயலாது. பருத்தி ஆடைகளையும் புடைவைகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்திக் காக்கலாம். தேக்கு முதலிய உறுதியான மரச்சாமான்களை நிழலில் மெல்ல உலர்த்துங்கள், நேர்வெயிலில் வெடித்துவிடும்.

நீர் பட்ட மாத்திரைகளை, அட்டைக்குள் இருப்பவையாயினும், பயன்படுத்தாதீர்கள். மின்சாரம் நின்றுபோன நாட்களில் குளிர்பெட்டியில் இருந்த இன்சுலினைப் பற்றி மருந்தாளுநரிடம் கேளுங்கள். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாமல் இருக்கும்; வகைக்கு வகை இது வேறுபடும். நெபுலைசரின் குழாயும் முகமூடியும் வெள்ளநீரில் பட்டிருந்தால் புதியன வாங்குங்கள்.

மருத்துவக் குறிப்பேடுகள், காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம் ஆகியவை நனைந்திருந்தால் ஒட்டிய தாள்களை வலிந்து பிரிக்காதீர்கள். இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து, நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். உடனே உலர்த்த நேரமில்லையெனில், பாலித்தீன் பையில் இட்டு, இயங்கும் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடலாம். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது. பின்னர் ஆறஅமர ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

ஐந்தாம் படி: நீரைத் தொடர்ந்து வரும் தீ

வெள்ளம் வடிந்த வீட்டில் தீ மூளும் என்று பலர் எதிர்பார்ப்பதில்லை. மின்சாரமில்லாத இரவுகளில் மெழுகுவத்திகள் எரிகின்றன. நனைந்த மின்கம்பிகளில் மின்கசிவு உண்டாகிறது. கொசுவுக்காகச் சுருள்கள் ஏற்றப்படுகின்றன. துணிகளும் மெத்தைகளும் அறை நடுவே குவிந்து கிடக்கும் வேளை அது.

வீட்டில் ஆக்சிஜன் பெறும் நோயாளி இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஆக்சிஜன் தானே எரிவதில்லை. ஆனால் பிற பொருட்களை மிக விரைவாக எரியச் செய்யும். நோயாளியின் ஆடையும் போர்வையும் அதனை உள்வாங்கி நிற்கும். குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, கொசுவர்த்திச் சுருள், பீடி, சமையலடுப்பு ஆகிய எதுவும் அவரிடமிருந்து 10 அடிக்குள் இருத்தல் ஆகாது. உதட்டிலும் மூக்கிலும் பெட்ரோலியக் களிம்பு தடவக்கூடாது. மின்தடை நேரும்போது செறிவூட்டி நின்றுவிடும். மாற்று உருளைக்கு மழைக்காலத்திற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தீப்பற்றினால்: மின்சாரத்தால் எழுந்த தீயிலும், கடாயில் எரியும் எண்ணெயிலும் நீர் ஊற்றக்கூடாது. முன்னதற்கு முதன்மை இணைப்பைத் துண்டியுங்கள். பின்னதற்கு அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். புகை சூழ்ந்த அறையில் தவழ்ந்து வெளியேறுங்கள். நடக்க இயலாத நோயாளியைத் தூக்க முடியாவிட்டால், போர்வையில் கிடத்தித் தரையோடு இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். தீப்புண்ணின் மீது 20 நிமிடங்கள் ஓடும் குளிர்ந்த நீரை விடுங்கள். பற்பசை, பேனா மை, மாவு, வெண்ணெய் எதனையும் தடவாதீர்கள். அவை புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்வதோடு மருத்துவரின் பார்வையையும் மறைத்துவிடும்.

தீயணைத்தபின் சுவரில் படியும் புகைக்கரியை ஈரத்துணியால் துடைத்தால் அது பரவி ஊறிவிடும். முதலில் உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுத்து, அதன்பின் சோப்புநீரைப் பயன்படுத்துங்கள். தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரும் சுவருக்குள்தான் போயிருக்கும். ஆகவே தீயால் சேதமுற்ற வீட்டிற்கும் மேலே கூறிய உலர்த்தும் முறைகள் அனைத்தும் பொருந்தும்.

மழைக்கு முன்: புரட்டாசியில் முடிக்க வேண்டியவை

• மொட்டைமாடியின் தட்டோடுகளில் வெடிப்பு இருந்தால் அடைத்து, மழைநீர்க் குழாய்களின் வாயில் உள்ள சருகுகளை அகற்றுங்கள்.
• சமையலறை, குளியலறைக் குழாய்களின் கசிவைச் சரிசெய்யுங்கள். வெள்ளமின்றியும் ஓதத்தை உண்டாக்குவது இச்சிறு கசிவே.
• தாழ்வான பகுதியில் வசிப்போர், பிளக் பெட்டிகளை முந்தைய வெள்ளத்தின் உயரத்திற்கு மேலே மாற்றியமையுங்கள். 30 மில்லி ஆம்பியர் அளவிலான மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்துங்கள்.
• மருந்துகள், மருந்துச் சீட்டுகள், அட்டைகள் ஆகியவற்றை நீர்புகாப் பையில் இட்டு, எட்டும் உயரத்தில் மாட்டிவையுங்கள். குறைந்தது இரண்டு வாரத்திற்கான மருந்து கையிருப்பில் இருக்கட்டும்.
• இரத்தச் சுத்திகரிப்புப் பெறுவோர், சாலை துண்டிக்கப்பட்டால் எங்கே செல்வது என்பதைத் தம் மையத்தில் முன்கூட்டியே கேட்டறிந்து எழுதிவையுங்கள்.
• மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, மாநில எண் 1070, ஆம்புலன்ஸ் 108. இவற்றைச் சுவரில் உயரமான இடத்தில் எழுதிவையுங்கள்.

நோயாளி எப்போது வீடு திரும்பலாம்?

கீழ்க்கண்ட வினாக்கள் அனைத்திற்கும் 'ஆம்' என்று விடை கூற இயன்றால் அழைத்து வரலாம்.

1. மின்பணியாளர் சோதித்து இணைப்பு வழங்கினாரா?
2. எரிவாயுக் குழாயும் ரெகுலேட்டரும் சரிபார்க்கப்பட்டனவா?
3. நீர்த்தொட்டி தூய்மை செய்யப்பட்டதா?
4. ஊறிய மெத்தையும் தலையணையும் அகற்றப்பட்டனவா?
5. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் எங்கும் இல்லையா? அலமாரியின் பின்புறத்தையும் பரணையும் பார்த்தீர்களா?
6. கதவுகளை ஓர் இரவு மூடிவைத்துக் காலையில் திறக்கும்போது பூசண வாடை இல்லாமல் இருக்கிறதா?
7. நோயாளி உறங்கும் அறையிலேனும் பாலித்தீன் தாள் சோதனையில் சுவர் உலர்ந்து காணப்படுகிறதா?

வீடு முழுவதும் உலரப் பல மாதங்கள் ஆகலாம். அத்தனை நாட்கள் வெளியில் தங்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. அந்நிலையில், வெள்ளநீர் குறைவாகப் புகுந்த, வெயில்படும் ஓர் அறையைத் தேர்ந்து, அதனை மட்டுமேனும் முதலில் முற்றிலும் உலர்த்துங்கள். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். மற்ற அறைகளில் வேலை நடக்கும்போது அவ்வறையின் கதவை மூடிவையுங்கள். சுவர் வண்ணமின்றி, கொத்திய பூச்சோடு பார்வைக்கு அழகற்று இருக்கலாம். அதனால் நோயாளிக்குக் கேடில்லை. மூடி மறைத்த ஈரமே கேடு.

வீடு திரும்பியபின் இருமல் கூடினாலோ, இழுப்பு வந்தாலோ, இருமலில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சல் நீடித்தாலோ, முகத்தில் ஒருபுறம் வீக்கமோ மூக்கிலிருந்து கருநிறக் கழிவோ தோன்றினாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அப்போது வீட்டில் வெள்ளம் புகுந்த நாள், நீர் நின்ற உயரம், சுவரின் இன்றைய நிலை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே அத்தாளை அவரிடம் கொடுங்கள்.